ஓடிப் பார்த்தல்

சனிக்கிழமைக் காலை உணவகத் தொழிலாளியின் நித்திரைக்கு உரியது. வெள்ளி இரவு குசினியைக் கழுவித் துடைத்து, குப்பையைக் கட்டி வெளியே வைத்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சேர இரண்டு மணி தாண்டிவிடும். அப்படியிருந்தும் சென்ற ஜூன் மாதத்துச் சனிக்கிழமையொன்றில், காலை ஒன்பதரை மணிக்கு, நாங்கள் மூன்று பேர் ரெக்ஸ்டேலில் ஒரு மோட்டார் சைக்கிள் கடையின் வாகனத் தரிப்பிடத்தில் நின்றோம். தலைமயிரில் வெங்காய மணம் இன்னும் போகவில்லை. அன்று புதிய மோட்டார் சைக்கிள்களை யாரும் வந்து ஓடிப் பார்க்கலாம் என்று கடைக்காரர்கள் அறிவித்திருந்தார்கள். காசு இல்லை. வாங்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

எங்களில் இருவர் வேடிக்கை பார்க்கப் போனவர்கள். ஓடப் போனவர் அண்ணை. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் குசினியில் பொரிக்கிற பகுதி அவருடைய பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற தொழில் செய்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். கனடாவுக்கு வந்து இருபது வருடமாகியும் ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறாதவர் என்பதும் தெரியும். அந்த வருடம் பனி கரைந்த கையோடு யாருக்கும் சொல்லாமல் எம்1 எழுத்துப் பரீட்சை எழுதி, ஹம்பர் கல்லூரி வளாகத்தில் ஒரு வார இறுதிப் பயிற்சிக்குப் போய், எம்2 அனுமதிப்பத்திரத்துடன் வந்து நின்றார். பயிற்சியில் ஒரு இளம்பெண் 'இது கிளச், இது பிரேக்' என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிப் படிப்பித்தாளாம். அண்ணை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"உங்களுக்குத் தெரியுமெண்டு சொல்லேல்லையோ?" என்று கேட்டோம்.

"ஏன் சொல்லுவான்? காசு கட்டினது கேக்கத்தானே" என்றார்.

மூன்றாவது ஆள் எங்களோடு கோப்பை கழுவுகிற தம்பி. கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்து வளர்ந்தவன். இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. இந்தக் கட்டுரையை எழுதுகிற நாங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போய் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டவர்கள். ஆகவே இது முழுவதும் வரலாறு என்றும் சொல்லமுடியாது, முழுவதும் ஞாபகம் என்றும் சொல்லமுடியாது.

ரெக்ஸ்டேல் ரொறன்ரோவின் வடமேற்கு மூலை. 1950களில் ரெக்ஸ் ஹெஸ்லொப் என்ற கட்டடக்காரர் தோட்டக் காணிகளை வாங்கி வீடுகளும் தொழிற்சாலைகளும் கட்டித் தன் பெயரையே வைத்துவிட்டுப் போன ஊர். அதே காலத்தில், 1956இல், வூட்பைன் குதிரைப் பந்தயத் திடலும் இங்கே திறக்கப்பட்டது. விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் வானத்தில் எப்போதும் ஒரு இரைச்சல். இன்று பஞ்சாபிகள், சோமாலியர், கரிபியன் தீவுக்காரர், எங்களைப் போன்றவர்கள் என்று வந்தேறிகளின் ஊர். அன்று வரிசையிலும் அதே கலவைதான். தலைப்பாகையோடு இரண்டு சீக்கியர் நின்றார்கள். 2018 அக்டோபர் 18 முதல் ஒன்ராறியோவில் சீக்கியர் தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்காக அவர்கள் பல வருடம் நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் மன்றாடினார்கள்.

ஒரு கூடாரத்தின் கீழ் இரண்டு பிள்ளைகள் அனுமதிப்பத்திரத்தைப் பார்த்துப் பெயர் பதிந்துகொண்டிருந்தார்கள். பிறகு ஒரு படிவம். விழுந்தாலும் செத்தாலும் கம்பனியிடம் வந்து கேட்கமாட்டேன் என்று அதன் நீண்ட ஆங்கிலத்தின் சாராம்சம். கையொப்பம் வைத்தால் மணிக்கட்டில் ஒரு கடதாசிப் பட்டி ஒட்டுவார்கள். தலைக்கவசம், கையுறை, கணுக்காலை மூடிய சப்பாத்து எல்லாம் பார்ப்பார்கள். பிறகு ஏழெட்டுப் பேராகச் சேர்த்து, முன்னால் ஒருவர் வழிகாட்ட, பின்னால் ஒருவர் காவல் வர, பதினைந்து இருபது நிமிடம் சுற்றிக்கொண்டு வருவார்கள். முந்திப் போகக்கூடாது. ஆளை ஏற்றக்கூடாது. அவ்வளவுதான்.

அண்ணைக்கு நம்பமுடியவில்லை. "முன்பின் தெரியாத ஆளிட்டைத் திறப்பைக் குடுக்கிறாங்களே" என்று இரண்டு மூன்று தரம் சொல்லிவிட்டார்.

முன்பின் தெரியாதவனிடம் திறப்பைக் கொடுக்கிற இந்த வழக்கத்தைப் பிறகு தேடிப் படித்தோம். மோட்டார் சைக்கிளை வாங்குமுன் சந்தியடிவரை ஓடிப் பார்ப்பது எந்த நாட்டிலும் பழைய காரியம். ஆனால் ஒரு கம்பனி நாடு முழுவதும் கதவைத் திறந்துவிட்டு 'வாருங்கள், ஓடுங்கள்' என்று பெரிய அளவில் கூப்பிட்டதற்குப் பேர்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன். அதைப் பெருமையில் கூப்பிட்டது என்று நினைக்கவேண்டாம். 1969இல் அந்தக் கம்பனியை ஏ.எம்.எஃப். என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. உற்பத்தியைக் கூட்டினார்கள், தரம் விழுந்தது. கடையில் நிற்கிற புது வண்டிக்குக் கீழே, ஒழுகும் எண்ணெய்க்கு மட்டை விரித்து வைப்பார்களாம். யப்பானியரின் வண்டியோ மலிவு, எண்ணெய் ஒழுகாது, திறப்பைத் திருப்பினால் எடுபடும். 1981இல் கம்பனியின் மேலாளர்கள் பதின்மூன்று பேர் கடன்பட்டு அதைத் திரும்ப வாங்கினார்கள். 1983இல் ரீகன் அரசாங்கம் 700 சீசீக்கு மேற்பட்ட யப்பானிய வண்டிகளின் இறக்குமதி வரியை 4.4 வீதத்திலிருந்து 49.4 வீதமாக உயர்த்திக் கைகொடுத்தது.

அதற்கு அடுத்த வருடம், 1984இல், புதிய எஞ்சினோடு வந்தார்கள். சொன்னால் யார் நம்புவார்கள்? பத்து வருடம் ஏமாந்தவன் விளம்பரத்தைப் பார்த்து நம்புவானா? தொலைக்காட்சியில் விளம்பரம் செய்து, எந்தக் கடைக்கும் வந்து இலவசமாக ஓடிப் பாருங்கள் என்று அழைத்தார்கள். மூன்று வார இறுதிகளில் நாற்பதினாயிரம் பேரளவில் வந்து தொண்ணூறாயிரம் தடவைபோல ஓடியிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் வேறு கம்பனி வண்டி வைத்திருந்தவர்கள். 1987இல் ஹார்லி தானாகவே போய், அந்த இறக்குமதி வரி இனி வேண்டாம், குறித்த காலத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள் என்று கேட்டது. ஆக, திறப்பை அந்நியன் கையில் கொடுப்பது நம்பிக்கை நிறைந்தவன் செய்கிற காரியமல்ல, நம்பிக்கையை இழந்தவன் அதை மீட்கச் செய்கிற காரியம். கடைக்காரனுக்கு அண்ணையை நம்பவேண்டிய தேவை இல்லை. அண்ணை தன்னை நம்பவேண்டும் என்பதே அவனுடைய தேவை. எங்கள் ஊரில் காரியம் நேர்மாறு. சோதிக்கப்படுவது எப்போதும் ஓடுகிறவன்தான்.

யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்குவது கலியாணம் பேசுவது மாதிரி. புதுசுக்கும் பழசுக்கும் ஒரே முறைதான். வாங்குகிறவர் தனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார். ஓடிப் பார்க்கிறவர் மெக்கானிக். வாங்குகிறவர் ஒழுங்கை முடக்கில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று சத்தத்தை மட்டும் கேட்பார். வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பிறகும் பி.எஸ்.ஏ., ட்ரையம்ஃப், நோர்ட்டன், என்ஃபீல்ட் என்று ஆங்கிலேய வண்டிகள் அப்புக்காத்துமாரிடமும் தோட்ட முதலாளிமாரிடமும் நின்றன. 1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனா இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு யப்பான் வந்து சேர்ந்தது. ஹொண்டா என்ற மனிதர் 1948இல் தொடங்கிய கம்பனியின் சுப்பர் கப் 1958இல் வெளிவந்தது; 2017 அளவில் பத்துக் கோடி செய்து முடித்தார்கள். அதன் தம்பிமாரான சி50, சி90, பிறகு யப்பானில் தபால்காரருக்கென்றே செய்த சிவப்பு நிற எம்.டி.90 எல்லாம் எங்கள் ஒழுங்கைகளில் ஓடின. வாத்தியார், விதானையார், கூட்டுறவுச் சங்க மனேச்சர் என்று மாதச் சம்பளக்காரர் எல்லோரும் ஹொண்டாக்காரர் ஆனார்கள். சீதனப் பேச்சில் காணி, நகைக்குப் பிறகு 'ஒரு ஹொண்டாவும்' என்று சேர்ந்தது.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப் போர் தொடங்கியதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. எங்களுக்கு அப்போது நாலு வயது. ஆகவே எங்கள் மூக்குக்கு முதன்முதலில் தெரிந்த மோட்டார் சைக்கிள் மணம் பெற்றோல் மணமல்ல, எரிந்த மண்ணெண்ணெய் மணம். அந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி எத்தனையோ பேர் கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். செய்தவர் வாயால் கேட்டது அன்று வரிசையில் நின்றபோதுதான்.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. எனவே தொடங்குவதற்குக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். கண்ணுக்கு மருந்து விடுகிற சின்னப் போத்தலில் பெற்றோலை வைத்துக்கொண்டு, காபரேற்றருக்குள் நாலைந்து துளி விட்டு, கிக்கரை உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்கவேண்டும். சூடாறமுன் திரும்பத் தொடங்கினால் பெற்றோல் மிச்சம். அதனால் ஆட்கள் கடையில் சாமான் வாங்கும்போதும் எஞ்சினை நிற்பாட்டமாட்டார்கள். மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் 'இடிக்கும்'. இடி குறைய, சிலிண்டருக்குக் கீழே இன்னொரு மட்டை வெட்டிப் போட்டு அமுக்கத்தைக் குறைப்பார்கள். எரியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி ஒழுகி எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் தண்ணீராகிவிடும். அதைக் கவனியாமல் ஓடினால் எஞ்சின் போய்விடும்.

"கறுத்த எண்ணெயை விரலிலை தொட்டு மணந்து பாத்தே சொல்லுவன், இன்னும் எத்தினை மைல் தாங்குமெண்டு" என்றார் அண்ணை.

இதெல்லாம் தமிழனின் தனிக் கண்டுபிடிப்பு என்று பெருமை பேசுவோர் உண்டு. பிரிட்டனில் பழைய உழவு இயந்திரங்கள் இதே முறையில் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியவைதான். எங்களுடையது வித்தை அல்ல, வேறு வழியின்மை. 2022இல் இலங்கை முழுவதும் பெற்றோல் வரிசையில் நின்றபோது, அரசாங்கம் ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று பங்கிட்டது. அப்போது தொலைபேசியில் எங்கள் அம்மா சிரித்தார். "நாலு லீற்றரோ? அந்த நாளையிலை நாலு லீற்றரிலை ஊரே ஓடியிருக்கும்" என்றார்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. அங்கே நின்றவற்றில் பெரியவையும் உண்டு. 650 சீசீ இரட்டைச் சிலிண்டர் வண்டிகள், மலையேறுகிறவை, கண்ணாடித் திரையில் வழி காட்டுகிறவை. அண்ணை அவற்றைப் பார்க்கவேயில்லை. கறுப்பில் பொன்கோடு போட்ட புல்லட் 350ஐத் தேடிப் போய், அதற்கு முன்னால் குந்தியிருந்து எஞ்சினை நெடுநேரம் பார்த்தார். பெயர் பதிகிற பிள்ளையிடமும் அதைத்தான் கேட்டார். ஏன் என்று கேட்டதற்கு உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மணித்தியாலம் காத்திருக்கவேண்டும் என்றார்கள். வேலிக்கரை நிழலில் இருந்தோம். பிறகுதான் சொன்னார்.

அண்ணைக்குத் தொழில் பழக்கியவர் ஒரு முஸ்லிம் முதலாளி. யாழ்ப்பாணத்தில் ஐந்து சந்திக்குப் பக்கத்தில் கராச். 'நானா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பதினைந்து வயதில் கராச்சைக் கூட்டப் போன அண்ணை பதினேழு வயதில் எஞ்சின் இறக்கி ஏற்றுகிற அளவுக்கு வந்துவிட்டார். நானாவிடம் சொந்தமாக ஒரு வண்டி இருந்தது. இங்கிலாந்தின் றெடிச் நகரில் செய்த பழைய என்ஃபீல்ட் புல்லட். அதை வேறு ஒருவரையும் தொட விடமாட்டார். 1990 அக்டோபரில், பெற்றோல் அறவே இல்லாமல் போனபிறகு, மனமில்லாமல் அதை மண்ணெண்ணெய்க்கு மாற்றச் சம்மதித்தார். மாற்றியது அண்ணை. 30ஆம் திகதி காலை வேலை முடிந்தது. நானா திறப்பை எடுத்து அண்ணையின் கையில் கொடுத்து, "தம்பி, ஒருக்கா ஓடிப் பாத்திட்டு வா" என்றார். முதல் தடவை.

அண்ணை மானிப்பாய் வீதியால் ஆனைக்கோட்டைவரை போய்த் திரும்பினார். வண்டி இடிக்கவில்லை. சந்தோசத்தில் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வந்தாராம். திரும்பி வரும்போது சோனகதெருவுக்குப் போகிற பக்கம் ஆயுதத்தோடு இயக்கப் பொடியள் நின்றார்கள். ஒலிபெருக்கி அறிவித்துக்கொண்டிருந்தது. முஸ்லிம் குடும்பங்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறவேண்டும் என்று புலிகள் சொன்ன நாள் அது. உடுபுடவையும் ஓரிரு நூறு ரூபாவும் தவிர ஒன்றும் கொண்டுபோக விடவில்லை. நகையைக் கழற்றினார்கள். வாகனங்களை எடுத்தார்கள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் இப்படித் துரத்தப்பட்டார்கள்.

(இதை எழுதும்போதெல்லாம் 'இப்போது ஏன் இது?' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் மோட்டார் சைக்கிள் பற்றித்தான் எழுதத் தொடங்கினோம்.)

அண்ணை வண்டியை ஒரு ஒழுங்கைக்குள் விட்டுவிட்டு நடந்து போனார். நானாவை வரிசையில் கண்டார். நானா அவரைக் கண்டதும் கண்ணால் ஏதோ காட்டினாராம். வராதே என்றா, கொண்டு போ என்றா, கொண்டுவந்து தா என்றா என்று அண்ணைக்கு இன்றுவரைக்கும் தெரியாது. திறப்பு அண்ணையின் களிசான் பொக்கற்றுக்குள் இருந்தது.

"கொண்டுபோய்க் குடுத்திருந்தா அவங்கள் பறிச்சிருப்பாங்கள்" என்றோம்.

"ஓம். அதைத்தான் நானும் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன்" என்றார்.

ஐந்து வருடம் அந்த வண்டியை அண்ணை வைத்திருந்தார். இலக்கத்தகட்டைக் கழற்றி, நிறத்தை மாற்றி, மண்ணெண்ணெயில் ஓடினார். 1995 அக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. திகதியைக் கவனியுங்கள், மாதமும் நாளும் ஒன்றுதான். மழை. ஒன்பது வயதில் நாங்களும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்த கூட்டத்துக்குள்தான் இருந்தோம். அந்த நெரிசலில் எஞ்சினைத் தொடக்க இடமில்லை. அண்ணை தாயை இருக்கையில் இருத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டே பாலத்தைக் கடந்திருக்கிறார். கைதடியில் தெரிந்த வீடொன்றில் விட்டார். 1996இல் வலிகாமத்துக்குத் திரும்புகிறபோது போய்ப் பார்த்தால் வீடு இருந்தது, வண்டி இல்லை.

சமாதான காலத்தில், 2003இல், ஏ9 வீதி திறந்திருந்தபோது, புத்தளத்துக்குத் தேடிப் போனார். நானா கிடுகுக் கொட்டில் ஒன்றில், பக்கவாதம் வந்து ஒரு கை விளங்காமல் இருந்தார். அண்ணையைக் கண்டு அழுதார். தேத்தண்ணி தந்தார்கள். அண்ணை எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நானா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மண்ணெண்ணெயிலையே ஓடினனி, அஞ்சு வரியமும்?" என்று மட்டும் கேட்டாராம். "வால்வு போயிருக்குமே" என்றாராம்.

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி எழும்பிப் போய் மூன்று போத்தல் தண்ணீர் வாங்கி வந்தான்.

எங்கள் தலைமுறைக்கு மோட்டார் சைக்கிள் வேறொன்று. நாங்கள் 2007இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டுக் குடாநாடு திரும்பவும் அடைபட்டிருந்த காலம். சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி உருட்டவேண்டும், அடையாள அட்டையை நீட்டவேண்டும். ஆனால் இலக்கத்தகடு இல்லாத வண்டியில், முகம் மூடிய தலைக்கவசத்தோடு வருகிற இரண்டு பேரை ஒரு சாவடியும் மறிப்பதில்லை. கொழும்பிலும் அப்படித்தான். 2006 நவம்பர் 10இல் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜைச் சுட்டவன் மோட்டார் சைக்கிளில் தப்பினான். 2009 ஜனவரி 8இல் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவைக் கொன்றவர்களும் மோட்டார் சைக்கிளில் வந்தவர்களே. பின்னால் அந்தச் சத்தம் கேட்டால் வேலியோடு ஒதுங்கி நின்று, அது தாண்டிப் போகும்வரை மூச்சை அடக்கப் பழகியிருந்தோம். ஒருநாள் எங்கள் வகுப்பில் இருந்த ஒருவனுக்கு அது தாண்டிப் போகவில்லை. அடுத்த கிழமை நாங்கள் வகுப்புக்குப் போகவில்லை. பிறகும் போகவில்லை.

அதனால்தான் அந்தத் தரிப்பிடத்தில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக எடுபட்டபோது நாங்கள் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம். தம்பி சொல்லித்தான் கவனித்தோம்.

புல்லட்டின் வரலாறும் ஒரு இடப்பெயர்வுக் கதைதான். றெடிச்சில் இருந்த கம்பனி, என்ஃபீல்ட் என்ற இடத்திலிருந்த அரச துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்ததால் அந்தப் பெயரைப் பெற்றது. 'துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது' என்பது அதன் பழைய விளம்பர வாசகம், பீரங்கிதான் சின்னம். எங்கள் பொலிஸ்காரர் தோளில் தொங்கிய 303 துவக்குக்கும் அதே என்ஃபீல்ட்தான் பிறந்த இடம். 1901இல் முதல் மோட்டார் சைக்கிள். 1954இல் இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்கென்று 800 புல்லட்டுகளுக்கு உத்தரவு கொடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவானது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் முதலில் பூட்டினார்கள். 1957இல் அச்சுகளையும் கருவிகளையும் வாங்கினார்கள். 1962 அளவில் முழு வண்டியும் அங்கேயே. தாய்வீடான றெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் கடைசி வண்டியும் முடிந்தது. திருவொற்றியூரில் அவர்கள் நிற்பாட்டவில்லை. அதே பழைய அச்சில் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1977இல் பிரிட்டனுக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். 1994இல் ஐஷர் குழுமம் வாங்கிப் பழைய ராயல் என்ஃபீல்ட் பெயரைத் திருப்பி வைத்தது. 2013இல் ஒரகடத்தில் பெரிய தொழிற்சாலை வந்தது.

தம்பி சட்டத்தில் ஒட்டியிருந்த தகட்டைக் குனிந்து வாசித்து, இந்தியாவில் செய்தது என்று சத்தம் போட்டான். முகாமிலிருந்து சென்னைக்குப் போகிற பஸ்ஸில் திருவொற்றியூரைத் தாண்டும்போது, வாசலில் வேலை முடிந்து வருகிற ஆட்களைப் பார்த்திருக்கிறானாம். "அந்த கம்பெனியில வேலை கிடைச்சா போதும்னு அப்பா சொல்லுவாரு" என்றான். தமிழ்நாட்டுத் தமிழ் அவனுக்குச் சந்தோசத்தில்தான் வரும்.

பன்னிரண்டு மணியளவில் அண்ணையின் பெயரைக் கூப்பிட்டார்கள். வாயில் வராமல் ஏதோ ஒரு பெயரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் எழும்பிப் போனார். ஒரு வெள்ளைக்காரப் பொடியன் திறப்பைத் திருப்பி வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். அண்ணை ஏறி இருந்ததும் வலது கால் கிக்கரைத் தேடியது. புதிய புல்லட்டில் கிக்கர் கிடையாது. பொடியன் பெருவிரலால் அமுக்குகிற பொத்தானைக் காட்டினான். எஞ்சின் எடுபட்டது. 349 சீசீ, ஒற்றைச் சிலிண்டர். பழைய வண்டியின் 'டும் டும்' இல்லை என்று இங்கே குறை சொல்கிறார்கள். எங்களுக்கு அது போதுமான அளவுக்குக் கேட்டது.

வரிசையாக வெளிக்கிட்டு ரெக்ஸ்டேல் புலவாட்டில் ஏறி, 27ஆம் இலக்க நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பி மறைந்தார்கள். ஏழு வண்டிகளில் அண்ணையுடையது ஐந்தாவது. நாங்கள் கைபேசியில் படம் பிடித்தோம். அதில் ஒரு முதுகு மட்டும் இருக்கிறது.

இருபத்திரண்டு நிமிடத்தில் வந்தார்கள். அண்ணை தலைக்கவசத்தைக் கழற்றியபோது முகம் வேர்த்திருந்தது. முதல் சிக்னலில் வலது காலால் கியரைத் தேடிப் பிரேக்கை அமுக்கிவிட்டாராம். பின்னால் வந்தவர் கோணடித்தாராம். பழைய ஆங்கிலேய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 1970களின் நடுவில் அமெரிக்கா எல்லா வண்டிக்கும் கியர் இடப்பக்கம்தான் என்று சட்டம் போட்ட பிறகு உலகம் மெல்ல மெல்ல அதற்கு மாறிவிட்டது. பயிற்சியில் இரண்டு நாள் இடது காலால் சரியாக மாற்றிய மனிதருக்கு, புல்லட்டில் ஏறியதும் கால் முப்பத்தைந்து வருடம் பின்னால் போய்விட்டது.

"எப்பிடி வண்டி?" என்றோம்.

"இடிக்கேல்லை" என்றார்.

கூடாரத்தில் இன்னொரு படிவம் தந்தார்கள். ஓடியவர்களின் அபிப்பிராயம். இருக்கை எப்படி, பிரேக் எப்படி, எதிர்வரும் பன்னிரண்டு மாதத்தில் வாங்கும் எண்ணம் உண்டா என்று பத்துப் பன்னிரண்டு கேள்வி. அண்ணைக்கு ஆங்கிலம் வாசிக்கச் சிரமமில்லை, ஆனாலும் ஒவ்வொன்றாக எங்களிடம் காட்டிக் காட்டிக் கோடு போட்டார். கடைசிக்கு முதல் கேள்வி: இதற்கு முன் எங்கள் தயாரிப்பு மோட்டார் சைக்கிள் எதையாவது சொந்தமாக வைத்திருந்தீர்களா? ஆம் என்று ஒரு கட்டம். இல்லை என்று ஒரு கட்டம்.

பேனாவைப் பிடித்தபடி நின்றார்.

"இதுக்கு என்ன போடுறது?" என்று எங்களைக் கேட்டார்.

எங்களுக்கும் தெரியவில்லை. பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கட்டத்தையும் வெறுமையாக விட்டுப் படிவத்தைக் கொடுத்தார். அந்தப் பிள்ளை பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று சிரித்து, ஒரு திறப்புக் கோர்வை பரிசாகத் தந்தாள். மூன்று மணிக்கு வேலை. பஸ் தரிப்புக்கு நடந்தோம்.